அப்பா போன பிறகு அந்தப் பவர் பத்திரம் செல்லுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாதம் நமக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பியவருக்கு வயது 29, சென்னையில் ஐடி வேலை. பெயர் வேண்டாம்னு கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

அவருடைய அப்பாவுக்குச் செங்கல்பட்டு பக்கம் ஒரு மனை. ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கியது. அப்பாவுக்கு மூட்டு வலி, அலைய முடியவில்லை. "நீயே பார்த்து வித்துடும்மா"ன்னு சொல்லி மகள் பெயருக்கு ஒரு பவர் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவும் பண்ணிக் கொடுத்தார். வாங்க ஆள் வந்தார். கிரய ஒப்பந்தம் போட்டாச்சு, 5 லட்சம் அட்வான்ஸும் வாங்கியாச்சு. கிரயத்துக்குக் குறித்த தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கும்போது அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் புரோக்கர் போன் பண்ணினார். "ஏம்மா, பவர் உங்க பேர்லதானே இருக்கு? இறப்புச் சான்றிதழ் இன்னும் வாங்கலைல்ல? உயிர்வாழ் சான்றை நான் பார்த்துக்கறேன். குறிச்ச தேதியில வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

நம்ம நேயர் கேட்ட கேள்வி இதுதான்: "விக்கச் சொன்னதே அப்பாதான். பதிவு பண்ணின பவர் கையில இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா என்ன தப்பு?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். போடக் கூடாது. அப்பா இறந்த அந்த நிமிஷமே அந்தப் பவர் முடிந்துவிட்டது. ஆனால் மனையை விற்கும் வழி மூடிவிடவில்லை. இந்த இரண்டும் ஏன் என்பதைத்தான் இந்த எபிசோடில் பார்க்கப் போகிறோம்.

பவர் என்றால் என்ன?

ஆவணத்தில் 'பொது அதிகார ஆவணம்' என்று இருக்கும். எல்லாரும் சொல்வது 'பவர்'. கொடுத்தவர் ஒருத்தர், வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர் பவர் ஏஜென்ட். ஏஜென்ட் போடும் கையெழுத்து, சட்டத்தின் பார்வையில் பவர் கொடுத்தவர் போட்ட கையெழுத்து.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பவர் வந்தால் சொத்தே வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. சொத்து வரவே இல்லை. 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பவர் பத்திரத்தால் யாருக்கும் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும். அதாவது மகள் கையில் இருந்தது மனை இல்லை. அப்பா இரவல் கொடுத்த கை, அவ்வளவுதான்.

ஆள் இல்லை என்றால் அவர் சார்பில் கையெழுத்துப் போட முடியாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு சொல்வது இதுதான்: பவர் கொடுத்தவர் இறந்தாலும், ஏஜென்ட் இறந்தாலும் அதிகாரம் முடிகிறது. யாரும் தனியாக ரத்துப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. பதிவு செய்த பவராக இருந்தாலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவரைக் கட்டாயம் பதிவு பண்ணணும். பதிவு பண்ணினால் அது போலி இல்லை என்பதற்கு ஒரு பலம் கிடைக்கும். ஆயுள் கூடாது.

பவரை வைத்துக் கிரயம் பதிய வருகிறவரிடம், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு உயிர்வாழ் சான்று கேட்பதும் இதனால்தான். புரோக்கர் "நான் பார்த்துக்கறேன்" என்றாரே, அது இந்தச் சான்று. இறந்தவர் உயிரோடு இருப்பதாக ஒரு பொய்க் காகிதம். பதிவு அதிகாரி முன்னால் தெரிந்தே பொய் சொன்னால் பதிவுச் சட்டத்தின் 82-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தக் காகிதத்தோடு போய் நிற்கப் போவது புரோக்கர் இல்லை, நம்ம நேயர்.

போன் வருவதற்கு முன்னால், வந்த பிறகு

சரி, இறந்தது தெரியாமலே கையெழுத்துப் போட்டிருந்தால்?

ஒரு உதாரணம். அண்ணன் துபாயில், தங்கை மதுரையில். அண்ணனுடைய வீட்டை விற்கத் தங்கையிடம் பவர். நேற்று ராத்திரி அண்ணன் அங்கே விபத்தில் இறந்துவிட்டார். இங்கே யாருக்கும் தெரியாது. காலை 11 மணிக்குத் தங்கை போய்க் கிரயம் முடிக்கிறார். மதியம் 2 மணிக்குத்தான் போன் வருகிறது.

இந்த மாதிரி நிலைமைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 208-வது பிரிவுப்படி, அதிகாரம் முடிந்தது ஏஜென்ட்டைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிய வந்தபோதுதான் அமலுக்கு வரும். எதிர்த் தரப்பைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தெரிய வந்தபோது. 1882-ஆம் வருஷத்து பவர் ஆஃப் அட்டர்னி சட்டத்தின் 3-வது பிரிவும் இறப்பு தெரியாமல் நல்லெண்ணத்தில் செய்த காரியத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு தெரியாதவங்களுக்கு மட்டும்தான். 2 மணிக்குப் போன் வந்த பிறகு 3 மணிக்குப் போடும் கையெழுத்துக்கு அது கிடையாது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்த வீட்டில் "எனக்குத் தெரியாது"ன்னு யாரும் சொல்ல முடியாது, இல்லையா?

இன்னொரு விஷயம். அப்பா உயிரோடு இருக்கும்போது அந்தப் பவரை வைத்துச் செய்து முடித்த காரியங்கள் எல்லாம் அப்படியே செல்லும். போன வருஷமே கிரயம் பண்ணிக் கொடுத்திருந்தால், அப்பா இறந்ததால் அது கலையாது. முடிவது இனிமேல் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும்தான்.

'ரத்து செய்ய முடியாத பவர்' என்று எழுதியிருந்தால்?

இதை வைத்துத்தான் நிறைய ஏமாற்று நடக்கிறது. பத்திரத்தில் கொட்டை எழுத்தில் 'திரும்பப் பெற முடியாத பவர்' என்று எழுதிவிட்டால் சாவுக்குப் பிறகும் செல்லும் என்று ஒரு நம்பிக்கை.

உண்மையில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 202-வது பிரிவு. அந்தச் சொத்தில் ஏஜென்ட்டுக்கே ஒரு சொந்த உரிமை இருந்தால், அதைக் கெடுக்கிற மாதிரி பவரை முடிக்க முடியாது. சட்டமே ஒரு உதாரணம் கொடுக்கிறது. நான் உங்களுக்குக் கடன் பட்டிருக்கிறேன். "என் நிலத்தை வித்து, உங்க கடனை எடுத்துக்கங்க"ன்னு உங்களுக்கே பவர் கொடுக்கிறேன். இதை என்னாலும் ரத்து பண்ண முடியாது, என் சாவாலும் அது முடியாது. ஏன்னா அந்தப் பவர் என் வசதிக்காகக் கொடுத்தது இல்லை, உங்க பணத்துக்கான பாதுகாப்பு. ஆனால் வித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு என்பது மட்டும் இந்த 'உரிமை'க்குள் வராது. அது கூலி.

இதில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. பெங்களூரு மனை ஒன்றைப் பற்றிய வழக்கு. 1986-ல் உரிமையாளர் ஒருவருக்குப் பவர் கொடுக்கிறார், கூடவே பதிவு செய்யாத ஒரு விற்பனை ஒப்பந்தமும் எழுதிக் கொடுக்கிறார். 1997 ஜனவரியில் உரிமையாளர் இறந்துவிட்டார். 1998 ஏப்ரலில் அந்த ஏஜென்ட் அதே பவரை வைத்து மனையைத் தன் மகனுக்கே கிரயம் பண்ணிக் கொடுக்கிறார். 2003-ல் இறந்தவரின் வாரிசுகள் அதே மனையை வேறொருவருக்கு விற்கிறார்கள். எந்தக் கிரயம் செல்லும்?

இது ரத்து செய்ய முடியாத பவர் என்பது ஏஜென்ட் தரப்பு வாதம். நீதிமன்றம் பத்திரத்தின் தலைப்பை வைத்து முடிவு பண்ணவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தது. சொத்தைப் பராமரிக்கவும் விற்கவும் அதிகாரம் கொடுத்திருக்கிறதே தவிர, ஏஜென்ட்டுக்குச் சொத்தில் சொந்த உரிமை எதையும் அந்தப் பவர் உண்டாக்கவில்லை என்றது. அப்போ உரிமையாளர் இறந்ததுமே பவர் முடிந்தது. 1998-ல் நடந்த கிரயத்துக்குச் சக்தி இல்லை. 1986-ல் தொடங்கிய ஒரு விஷயம் முடிய 2025 ஆகிவிட்டது. நம்ம நேயர் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த மனையை வாங்கியவர் தலையில் விழுந்திருக்கக்கூடியது இந்த மாதிரி ஒரு வழக்குதான்.

பவர் போச்சு, வாக்கு போகலை

இனி நல்ல செய்தி. இதைத்தான் நம்ம நேயரிடம் யாருமே சொல்லவில்லை.

அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு கிரய ஒப்பந்தம் போட்டாங்க இல்லையா? ஏஜென்ட்டாக மகள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அது அப்பா கொடுத்த வாக்கு. ஒப்பந்தச் சட்டத்தின் 37-வது பிரிவு என்ன சொல்லுது? வாக்குக் கொடுத்தவர் அதை நிறைவேற்றுவதற்கு முன் இறந்துவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அது அவருடைய பிரதிநிதிகளைக் கட்டும்.

ஆக, பவர் முடிந்தது. ஒப்பந்தம் முடியவில்லை. வாங்க வந்தவர் கொடுத்த 5 லட்சமும் முழுகிப் போகவில்லை, அவருக்கு மனை கிடைக்கும் வழியும் அடைபடவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். அப்பா இடத்தில் இப்போது வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து நிற்கணும். ஏஜென்ட் என்ற முறையில் மகள் போடவே முடியாத கையெழுத்தை, வாரிசு என்ற முறையில் தன் பங்குக்குத் தாராளமாகப் போடலாம்.

அந்த வாரிசுகள் யார் யார்?

நம்ம நேயரின் வீட்டில் அம்மா, இவர், கனடாவில் ஒரு தம்பி. "நாங்க மூணு பேர்தான்"னு சொன்னார். நான் திருப்பிக் கேட்டேன்: "உங்க அப்பாவோட அம்மா இருக்காங்களா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பாட்டி இருக்காங்க, தஞ்சாவூர்ல."

இது பலர் மறக்கும் இடம். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய மனை இது. அப்போ அம்மா, மகள், மகன், பாட்டி நாலு பேருக்கும் கால் கால் பங்கு. பாட்டி கையெழுத்து இல்லாத கிரயத்தில் கால் பங்கு தொங்கிக்கொண்டே இருக்கும். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு, அவங்க சட்டப்படி பார்க்கணும். வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்.

கனடாவில் இருக்கும் தம்பி பறந்து வர வேண்டியதில்லை. அவர் தன் பங்குக்கு அக்கா பெயரில் ஒரு புதுப் பவர் கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்று வாங்கி அனுப்பினால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். உயிரோடு இருப்பவர் கொடுத்த பவர், அதனால் செல்லும்.

நடைமுறையில் வரிசை இப்படி: முதலில் இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாளுக்குள் பதிவு பண்ணிவிடுங்க, தள்ளிப்போட்டால் அலைச்சல்தான். அடுத்து வாரிசுச் சான்றிதழ், இ-சேவை வழியாக விண்ணப்பித்துத் தாசில்தாரிடமிருந்து வாங்குவது. மூன்றாவது, வாங்குபவரிடம் விஷயத்தைச் சொல்லி, காலத்தை நீட்டித்து ஒரு காகிதத்தில் எல்லா வாரிசுகளும் அவரும் கையெழுத்துப் போடுவது. இதை மட்டும் வாய்ப்பேச்சோடு விடாதீங்க. கடைசியில், எல்லாரும் சேர்ந்து கிரயம்.

அதுவரை ஏஜென்ட் கையைக் கட்டிக்கொண்டு இருக்கணுமா?

இல்லை. பவர் முடிந்தாலும் ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. 209-வது பிரிவு: தன்னிடம் ஒப்படைத்ததைக் காப்பாற்ற, இறந்தவரின் வாரிசுகளுக்காக ஏஜென்ட் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்கணும். அசல் பத்திரங்களைப் பத்திரமாக வைப்பது, மனையில் யாராவது வேலி போட்டால் தடுப்பது, வாடகைக்கு இருப்பவருக்குத் தகவல் சொல்வது, இதுவரை வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கொடுப்பது. காப்பாற்றலாம், விற்கக் கூடாது. இந்த ஒரு கோட்டை நினைவில் வைத்தால் போதும்.

பேங்க்கிலும் இதேதான். அப்பா கணக்கை இயக்க உங்களுக்குப் பவரோ வேறு அனுமதிக் கடிதமோ இருந்தால், அது அவர் இறப்போடு முடிகிறது. ஏடிஎம் பின் தெரியும் என்பதால் பணம் எடுப்பதும் சரியில்லை. அது உங்க நல்லெண்ணமாகவே இருக்கலாம், இறுதிச் செலவுக்காகவே இருக்கலாம். நாளைக்குக் கூடப் பிறந்தவங்களோடு கணக்குப் பேசும்போது அது முள்ளாகக் குத்தும். நாமினியோ, 'இருவரில் ஒருவர்' என்று போட்ட கூட்டுக் கணக்கில் மிஞ்சியவரோ உரிமை கோரி, ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் 15 நாளுக்குள் தீர்த்துக் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஒண்ணு மட்டும்: பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர், வாரிசுகளின் பங்கு அதனால் அழியாது.

இதைவிடப் பெரிய பள்ளம்

சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதே 201-வது பிரிவில் இன்னொரு வார்த்தை இருக்கிறது: பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் அதிகாரம் முடியும். "அப்பாவுக்கு மறதி அதிகமானா உதவும்"னு நினைத்து வாங்கி வைக்கும் பவர், சரியாக அந்த நேரத்தில் கைவிட்டுவிடும். இங்கிலாந்தில் அதற்கென்றே, மனநிலை தவறிய பிறகும் நீடிக்கும் ஒரு வகைப் பவர் இருக்கிறது. அதுகூட இறப்போடு முடிந்துவிடும். இந்தியாவில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. அப்பா கோமாவில் இருந்தால் குடும்பம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளர் நியமனம் கேட்கணும். கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் இதற்கு வழிமுறைகளே வகுத்தது.

அதனால் பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே பேசுங்க. உயிரோடு இருக்கும்போது அலைச்சலைக் குறைக்க பவர். போன பிறகு யாருக்கு என்ன என்பதற்கு உயில். உயிலுக்குப் பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். இப்போதே மாற்றிக் கொடுக்க மனசு இருந்தால் செட்டில்மென்ட் பத்திரம். ஒண்ணு செய்யும் வேலையை இன்னொண்ணு செய்யாது.

அந்த மனை என்ன ஆச்சு?

நம்ம நேயர் போன வாரம் மறுபடி பேசினார். புரோக்கரை விட்டுவிட்டு, வாங்குபவருக்கு நேராகவே போன் பண்ணியிருக்கிறார். "அப்பா தவறிட்டார் சார், பவர்ல நான் கையெழுத்துப் போட முடியாது. ஆனா நாங்க பின்வாங்கலை." அவருக்கு முதலில் கோபம், வீட்டுக் கடன் எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. ரெண்டு நாள் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். தன் வக்கீலிடம் கேட்டாராம். வக்கீல் சொன்னது: "அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டிருந்தா மாட்டியிருக்கிறது நீங்கதான்."

ஒப்பந்தத்தை நாலு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். தஞ்சாவூருக்குப் போய்ப் பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னபோது, மகன் வாங்கிய மனையில் தனக்கும் பங்கு இருக்கிறது என்பதே அவங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம். "எனக்கு எதுக்குடி காசு"ன்னு சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "அவன் பேரு அந்தக் காகிதத்துல இருக்கும்ல?"ன்னு கேட்டிருக்காங்க. இருக்கும் பாட்டி. கிரயப் பத்திரத்தில் முதல் பக்கத்திலேயே, மனை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதும் இடத்தில் இருக்கும்.

உங்க வீட்டில் யாருக்காவது யாராவது பவர் கொடுத்திருக்காங்களான்னு இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்க. இருந்தால் அதை எடுத்து ஒரு தடவை படிங்க. இன்று சொன்னது பொதுவான விளக்கம்தான், உங்க பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவெடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.